மகளுக்கு முடி ஒரு அங்குலத்துக்கு மேல் வளரவில்லை, அறிக்கையில் ‘கேஆர்டி86’ என்று வந்திருக்கிறது

கறிவேப்பிலை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்கு மூன்றரை வயது. பிறந்தபோது தலையில் பூனைமுடி நன்றாகவே இருந்தது. பதினோராம் மாதம் குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை. அதற்குப் பிறகு வந்த முடிதான் பிரச்சினை. ஒரு அங்குலம் வரும், நின்றுவிடும். பின்மண்டையில் அதுகூட இல்லை. தடவினால் பொடிப் பொடியாகப் பரு மாதிரி சொரசொரவென்று இருக்கும். காலையில் தலையணை உறையை உதறினால் மிளகை இடித்துத் தூவியது போலத் துண்டு முடிகள் விழும்.

மொட்டை போடப் போட அடர்த்தியாக வரும் என்று இதுவரை நான்கு மொட்டை ஆகிவிட்டது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு, எதுவும் பாக்கி இல்லை. போன மாதம்தான் தோல் டாக்டரிடம் போனோம். கையடக்க லென்ஸ் ஒன்றைத் தலையில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘மோனிலெத்ரிக்ஸ்’ என்று எழுதினார். ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நேற்று வந்த அறிக்கையில் இருப்பது: கேஆர்டி86, ஹெட்டிரோசைகஸ், 413-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அதுவரை தூக்கம் வராது போலிருக்கிறது.

இன்னொன்று. நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், அவர் என் அத்தை மகன். தெருவில் ஆளாளுக்கு “சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்” என்கிறார்கள். அத்தை ஒரு படி மேலே போய், “எங்கள் பக்கம் யாருக்கும் முடிக்குப் பஞ்சமில்லை, இது உன் அம்மா வழியில் வந்தது” என்கிறார். அத்தையின் கொண்டை ஊரறிந்த கொண்டை, அதனால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

எதிர்க்கேள்வி

முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு பார்த்தீர்களா? இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஜீன் டெஸ்ட் எழுதிவிடுகிறார்கள். என் தங்கை மகனுக்கும் முடி வரவில்லை என்று பயந்தோம், நான்கு வயதில் தானாக வந்துவிட்டது.

கறிவேப்பிலை

இரண்டும் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது.

நுண்ணோக்கி

எதிர்க்கேள்வி கேட்டதில் தப்பில்லை, குழந்தைக்கு முடி வராததற்குப் பத்துக் காரணம் உண்டு. ஆனால் லென்ஸில் பார்த்ததும் பெயர் சொல்ல முடிகிற வியாதிகள் தோல் மருத்துவத்தில் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. மரபணு ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. அறிக்கையை எழுத்துக்கூட்டிப் படிப்போம்.

ஒரு முடியைப் பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெயின்ட் மாதிரி இருப்பது கியூட்டிகிள். உண்மையில் அது நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தட்டைச் செல்கள். மரக்கட்டை இருக்கும் இடம் கார்டெக்ஸ். நடுவில் கரிக்குச்சி இருக்கும் இடம் மெடுல்லா, மெல்லிய முடிகளில் அது இருக்காது. முடியின் வலு முழுக்கக் கார்டெக்ஸில்தான். அங்கே இருப்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன கயிறு.

கயிறு என்று சும்மா சொல்லவில்லை. கெரட்டினில் இரண்டு வகை. முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் ஜோடி சேர்ந்து முறுக்கிக்கொண்டால்தான் ஒரு புரி. ஒரே வகையில் இரண்டை வைத்து முறுக்கினால் நிற்காது. இரண்டு ஜோடி சேர்ந்து நான்கு, அப்படி எட்டு நான்குகள் சேர்ந்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் 32 இழைகள் கொண்ட ஒரு நுண்கயிறு. இந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று கட்டுவது கந்தகப் பிணைப்புகள். முடி எரிந்தால் வரும் அந்த நாற்றம் கந்தகத்தால்தான்.

மனிதருக்கு வேலை செய்யும் கெரட்டின் ஜீன்கள் 54. முதல் வகையில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் 17-ஆம் குரோமோசோமில் கூட்டமாக இருக்கும். இரண்டாம் வகை 12-இல். இந்த 54-இல் முடிக்கென்றே இருப்பவை முதல் வகையில் 11, இரண்டாம் வகையில் 6. அந்த ஆறு 81 முதல் 86 வரை. உங்கள் மகளின் அறிக்கையில் இருப்பது அதில் கடைசி. அது கார்டெக்ஸில் வேலை செய்யும் ஜீன்.

இனி 413. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; குளுட்டாமிக் அமிலமும் லைசினும் அந்த மணிகளில் இரண்டு, 413 என்பது சங்கிலியில் அந்த மணியின் இடம். ஒவ்வொரு கெரட்டின் புரதமும் நடுவில் நீண்ட முறுக்கு, இரண்டு முனையிலும் தளர்ந்த நுனி என்று இருக்கும். முறுக்கு முடிகிற இடம்தான் அடுத்த இழையோடு போய்ப் பொருந்தும் இடம். இயற்கை அந்தப் பகுதியைக் கெரட்டினுக்குக் கெரட்டின் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கிறது. 413 அங்கேதான் வருகிறது. ஜீனில் மாறியது ஒரே ஒரு எழுத்து: ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் எதிர் மின்னூட்டம் உள்ள குளுட்டாமிக் அமிலம் போய், நேர் மின்னூட்டம் உள்ள லைசின் வந்து உட்கார்ந்துவிட்டது. பொருந்த வேண்டிய இடத்தில் காந்தத்தைத் திருப்பி வைத்தது மாதிரி. உலகம் முழுக்க இந்த நோயுள்ள குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பதிவாகிற மாற்றம் இது, உங்களுக்கு மட்டும் நடந்த விபரீதம் இல்லை.

ஹெட்டிரோசைகஸ் என்றால் இரண்டு பிரதியில் ஒன்றுதான் மாறியிருக்கிறது. “ஒன்று நன்றாக இருக்கிறதே, போதாதா” என்று கேட்பீர்கள். போதாது. நல்ல பிரதியிலிருந்து நல்ல இழை வருகிறது, மாறியதிலிருந்து மாறிய இழை வருகிறது, இரண்டையும் சேர்த்துத்தான் அந்தச் செல் கயிறு திரிக்கிறது.

சீப்பு_வேண்டாம்

எனக்கு வயது 34, எனக்கும் இதேதான். முதலில் ஒரு விஷயம், மகள் நன்றாக இருப்பாள். படிப்பு, உயரம், கல்யாணம், வேலை எதையும் இது தொடவில்லை. எனக்கு நகம் கொஞ்சம் கரண்டி மாதிரி குழிந்திருக்கும், அவ்வளவுதான் கூடுதல் சீர்வரிசை.

பள்ளியில் “எலி கடித்த தலை” என்பார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பரவாயில்லாமல் வந்தது. கர்ப்பமாக இருந்தபோது வாழ்க்கையில் முதல்முறையாகக் குட்டி ஜடை போட்டேன். பிரசவம் முடிந்து நாலைந்து மாதத்தில் பழையபடி. வயதுக்கு வரும்போதும் கர்ப்பத்திலும் சிலருக்கு இது தணியும் என்று டாக்டரே சொன்னார், எல்லோருக்கும் இல்லை.

மொட்டையை நிறுத்துங்கள் அக்கா. தலைக்குக் கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மொட்டைக்கும் பிறகு “இந்தத் தடவை வரும்” என்று வீடே என் தலையைப் பார்த்துக்கொண்டு இருந்தது, அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கண்ணாடிவளை

நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கெரட்டின்தான் குறை என்றால் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்தால் சரியாகாதா? பெரியவர்களுக்கு நல்ல ரிசல்ட் கிடைக்கிறது. குழந்தைக்கு மைல்டாக ஏதாவது பண்ணலாமே?

நுண்ணோக்கி

கண்ணாடிவளை அக்கா, நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து வேண்டாம். புட்டியில் இருக்கும் கெரட்டின் ஆட்டு ரோமம், இறகு போன்றவற்றிலிருந்து உடைத்து எடுத்தது. முடிமேல் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், பளபளப்பு வரும், சில வாரத்தில் குளித்துக் குளித்துப் போய்விடும். இந்தக் குழந்தைக்குக் கயிறு திரிக்கும் இடமே கோளாறு. அது தோலுக்கு அடியில், முடிக்குழியில் நடக்கிறது. வெளியே வந்த முடி செத்த பொருள், அதைச் சோறு போட்டு வளர்க்க முடியாது.

அப்புறம், பல பார்லர் கலவைகளில் உண்மையில் முடியை நேராக்குவது ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடு பட்டதும் அதை வெளியிடும் ரசாயனம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. தினமும் அந்தப் புகையில் நிற்பது வாடிக்கையாளர் இல்லை, நீங்கள்தான். ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

கண்ணாடிவளை

கண் எரிச்சல் அதனால்தானா! மூன்று வருடமாக ஏசி தூசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நெறியாளர்

பயோட்டின் மாத்திரை விற்ற இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த உரையாடல் கறிவேப்பிலையின் மகளைப் பற்றியது, கடை போட வேண்டாம்.

எதிர்க்கேள்வி

சரி, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் மரபு நோயைக் கூட்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மனம் நோகும் என்று மூடி மறைத்தால் எப்படி?

நுண்ணோக்கி

மூடி மறைக்கவில்லை, எந்த ஜீன் என்பதை முதலில் விளக்காமல் பேசினால் தப்பாகிவிடும் என்பதால்தான் காத்திருந்தேன்.

மோனிலெத்ரிக்ஸ் இரண்டு வழியாக வரும். ஒன்று முடிக் கெரட்டின் ஜீன்கள், முக்கியமாக 81-உம் 86-உம். இது ஓங்கு வகை. ஒரு பக்கத்திலிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். கணவன் மனைவி சொந்தமா அன்னியமா என்பதற்கு இதில் வேலையே இல்லை. இன்னொன்று டெஸ்மோக்ளின் 4 என்ற புரதத்தின் ஜீன், டிஎஸ்ஜி4. அது கயிறு இல்லை, செல்லோடு செல்லை ஒட்டும் பசை. அது ஒடுங்கு வகை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் பழுதாக வந்தால்தான் நோய். அங்கேதான் சொந்தத்தில் கட்டுவது கணக்கில் வரும். பாகிஸ்தான், ஜப்பான் குடும்பங்களிலும் ஈராக்கிலிருந்து வந்த யூதக் குடும்பங்களிலும் அந்த வகை பதிவாகியிருக்கிறது. இவர்களுடைய அறிக்கையில் டிஎஸ்ஜி4 இருந்திருந்தால் நானே உங்களோடு சேர்ந்து அந்தப் பாடத்தைச் சொல்லியிருப்பேன்.

கறிவேப்பிலை, இது கேஆர்டி86. மாற்றம் உங்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், இல்லையென்றால் மகளிடமே புதிதாகத் தோன்றியிருக்கும். “எனக்கு முடி நன்றாகத்தானே இருக்கிறது” என்று நினைக்க வேண்டாம். ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றம் ஒருவருக்கு வழுக்கை போலவும் இன்னொருவருக்குப் பின்கழுத்தில் நாலு பரு மட்டுமாகவும் இருக்கும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்களும் அவரும் ஒருவர் பிடரியை ஒருவர் தடவிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எதிர்க்கேள்வி

ஒத்துக்கொள்கிறேன். பாடத்தில் அந்த “எந்த ஜீன்” என்ற கேள்வி இல்லை.

பூடில்_அப்பா

இந்த உரையாடலுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பூடில் நாயின் சுருட்டை முடிக்கும் கெரட்டின் ஜீன்தான் காரணம் என்று எங்கோ படித்தேன். அது நோயா?

நுண்ணோக்கி

அது கேஆர்டி71. 2009-இல் நாய்களின் ரோமத்தை ஆராய்ந்தபோது, நீளம், சுருள், மீசைதாடி என்று இத்தனை ரகங்களில் பெரும்பாலானவற்றை மூன்றே ஜீன்கள் விளக்கிவிடுகின்றன என்று தெரிந்தது. சுருளுக்கு 71. முடி தோலுக்குள் இருக்கும்போது அதைச் சுற்றி ஓர் உறை இருக்கும், அச்சு மாதிரி. 71 அந்த அச்சின் கெரட்டின். அச்சு கோணினால் முடி சுருளும். நாயில் அதை அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். பூனையில் அதே ஜீன் வேறு மாதிரி கெட்டால் ஸ்ஃபிங்க்ஸ் என்ற முடியில்லாப் பூனை. மனிதரில் 71 கெட்டால் கம்பளி முடி என்று மருத்துவப் பெயர் வைத்துவிடுவோம்.

கேட்டுவிட்டீர்கள், எனக்கும் வாய் சும்மா இருக்காது. முடிக் கெரட்டினின் உறவு ஜீன்கள் ஒரு வகைப் பல்லியிலும் இருக்கின்றன, நகத்தில் வேலை செய்கின்றன. 2008-இல் தெரிந்தது. அதாவது முடி என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்பே அதற்கான சரக்கு நகத்தில் தயாராக இருந்திருக்கிறது. நமக்கும் ஒரு முடிக் கெரட்டின் ஜீன் செத்துக் கிடக்கிறது, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சரி, போதும், நெறியாளர் பார்க்கிறார்.

கறிவேப்பிலை

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நுண்ணோக்கி அண்ணா, தடவிப் பார்த்தேன். என் கழுத்தில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்கழுத்தில் முடி தொடங்கும் வரிசையில், இரண்டு விரல் அகலத்துக்கு, உப்புத்தாள் மாதிரி! ஆறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. கேட்டால், “வியர்க்குரு, சின்ன வயசிலிருந்தே இருக்கு” என்கிறார். அவர் எப்போதும் ஒட்ட வெட்டித்தான் பழக்கம். முடிதிருத்துபவர் அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் “தம்பிக்குப் பின்னாடி மெஷின் வைக்கவே வேலையில்லை” என்பாராம். அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

அவர் துணிக் கம்பெனியில் இருக்கிறார், நூல் எண்ணும் கண்ணாடி வீட்டில் உண்டு. மகளின் தலையணையிலிருந்து ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மணி கோத்த மாதிரி! தடித்து, மெலிந்து, தடித்து, மெலிந்து, கிட்டத்தட்ட மில்லிமீட்டருக்கு ஒன்று. பிறகு அவருடைய கழுத்திலிருந்து ஒன்று. அதில் மேல்பக்கம் ஒழுங்காக இருந்து, கீழே மூன்று மணி. அவர் நெடுநேரம் பேசவே இல்லை.

அந்த முண்டுகளை எப்படியாவது கரைக்க முடியுமா?

நுண்ணோக்கி

நூல் எண்ணும் கண்ணாடி! எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை.

முண்டுகளைக் கரைக்கக் கூடாது, அவைதான் நல்ல பகுதி. முண்டு என்று நாம் பார்ப்பது முடியின் இயல்பான தடிமன். கோளாறு நடுவில் மெலிந்திருக்கிற இடம். அங்கே மெடுல்லா இருக்காது, முடி ஒடிவதும் அங்கேதான். பெயர் வைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த மணியைப் பார்த்து வைத்துவிட்டார்கள்; லத்தீனில் மோனிலே என்றால் கழுத்து மாலை. டப்ளினில் வால்டர் ஸ்மித் என்ற மருத்துவர் 1879-இல் இதை முதலில் விவரித்தபோதும் ‘முடிச்சுள்ள முடி’ என்றுதான் சொன்னார். ஜீனைக் கண்டுபிடிக்க 1997 ஆயிற்று. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க்கிலிருந்து யூர்கன் ஷ்வைட்சரின் குழு அந்த வேலையில் முன்னணியில் இருந்தது. அப்போது 86-க்குப் பெயர் ஹெச்ஹெச்பி6. பழைய கட்டுரைகளைத் தேடினால் அந்தப் பெயரில்தான் கிடைக்கும், குழம்ப வேண்டாம்.

அவரிடம் சொல்லுங்கள், அவர் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் அவருடைய ரத்தத்தைப் பார்த்தால் போதும், முழுப் பரிசோதனை வேண்டாம், செலவும் குறைவு. அவரிடமிருந்துதான் வந்தது என்று உறுதியானால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஒவ்வொரு தடவையும்.

சீப்பு_வேண்டாம்

வைத்தியம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. மினாக்சிடில் எனக்கு ஓரளவு உதவியது. குழந்தைக்கு வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடையில் வாங்கித் தடவிவிடாதீர்கள். பிடரிச் சொரசொரப்புக்கு யூரியா கிரீம் கொடுத்தார்கள், மிருதுவானது.

மற்றபடி எல்லாம் உரசலைக் குறைப்பதுதான். நான் சீப்பையே விட்டுவிட்டேன், விரல்தான். துண்டால் தேய்த்துத் துவட்ட வேண்டாம், பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். தலையணைக்கு வழவழப்பான உறை. ரப்பர் பேண்டு, ஹேர்பேண்டு, ட்ரையர் கூடாது. எண்ணெய் தலையில் ஊறவைத்து அரக்கித் தேய்ப்பதுதான் எனக்கு அதிகம் உடைத்தது. அம்மாவுக்கு அதுதான் பாசம் காட்டும் வழி, நிறுத்தச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆனது.

கறிவேப்பிலை

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். நீங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், ஆனால் அவசரத்தில் பாதி ஆங்கிலத்தில். இங்கே படித்துவிட்டுப் போனதால் புரிந்தது. என் கணவருக்கும் அந்த ஒரு எழுத்தைப் பார்க்க ரத்தம் கொடுத்தோம்.

கறிவேப்பிலை

மூன்று வாரம் கழித்து. அவருக்கும் அதே மாற்றம், அதே 413.

அத்தையிடம் அவரே சொன்னார். அத்தை நம்பவில்லை, “உனக்கு என்னடா குறை” என்று சண்டை. கடைசியில் நூல் எண்ணும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, பேத்தியின் முடியையும் மகனின் முடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாட்டிவிட்டு, நாலு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அத்தை கூடத்துக்கு வந்து மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். தலை புதிதாக இருந்தது, சின்னதாக. கொண்டையைக் காணோம். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் சவுரி தொங்கியது, முழம் ஒன்றரை இருக்கும். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அத்தை கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் தலை வாருவார்.

மகள் அத்தையின் பிடரியைத் தடவிக்கொண்டே, “பாட்டிக்கும் சொரசொர” என்றாள்.

சீப்பு_வேண்டாம்

அத்தையிடம் என் ஃபோன் நம்பரைக் கொடுங்கள். தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.